‘ஃபார்மட் பண்ணிடலாமா சார்?’

கும்பகோணத்தில் அன்று இரவு ஐப்பசி மழை கொட்டித் தீர்த்தது. ஒன்பது மணிக்கு மேல் இடி தலைக்கு மேலேயே இறங்குவதுபோல் இருந்தது. தெருவில் கரண்ட் இரண்டு தடவை போய்ப் போய் வந்தது. அவர் எழுந்து போய் கம்ப்யூட்டரின் சுவிட்சை அணைத்தார். பிளக்கைப் பிடுங்கினார். யு.பி.எஸ்.ஸையும் அணைத்தார். மறந்தது ஒன்றே ஒன்றுதான். பெட்டியின் பின்னால் செருகியிருந்த பிராட்பேண்ட் வயர்.

காலையில் மோடத்தில் ஒரு விளக்கும் எரியவில்லை. கம்ப்யூட்டரின் பட்டனை எத்தனை முறை அழுத்தினாலும் சத்தமே இல்லை. பெட்டியை ஆட்டோவில் வைத்து சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனார். கடைக்காரர் பக்கவாட்டு மூடியைக் கழற்றினார். உடனே கருகிய வாடை வந்தது. இன்டர்நெட் வயர் செருகும் துளைக்குப் பக்கத்தில் போர்டில் கறுப்பாக ஒரு திட்டு.

“மின்னல் வயர் வழியா வந்திருக்கு சார். மதர்போர்டு போயிடுச்சு. பிராசஸரையும் ராமையும் வேற போர்டுல போட்டுப் பார்த்துட்டேன். ரெண்டும் நல்லா இருக்கு. எஸ்.எம்.பி.எஸ்.ஸும் ஓகே.”

“ஹார்ட் டிஸ்க்கு?”

“அதுக்கு ஒண்ணும் ஆகலை. ஆனா போர்டு மாத்தினா பழைய விண்டோஸ் ஓடாது. ஃபார்மட் பண்ணிடலாமா சார்?”

ஒரு கடைக்காரர் தினம் பத்து முறை கேட்கிற கேள்வி அது. அவரும் சாதாரணமாகத்தான் கேட்டார். இவருக்கு வயிற்றைப் பிசைந்தது.

அவருக்கு அறுபது வயது. பத்தொன்பது வயதில் அச்சகத்தில் கம்போசிட்டராகச் சேர்ந்தவர். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்த கை அது. ட்ரெடில் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றபோது, கம்ப்யூட்டரில் டைப் அடிக்கக் கற்றுக்கொண்டு வீட்டுத் திண்ணையிலேயே டி.டி.பி. வேலையை ஆரம்பித்தார். கல்யாணப் பத்திரிகை, கோயில் கும்பாபிஷேக நோட்டீஸ், எப்போதாவது ஒரு புத்தகம். இந்தப் பெட்டி 2014இல் அசெம்பிள் செய்தது. நான்காம் தலைமுறை ஐ3 பிராசஸர், டி.டி.ஆர்.3 ராம். விண்டோஸ் 7 போட்டு வாங்கினார். பிறகு மைக்ரோசாஃப்ட் இலவசமாகக் கொடுத்தபோது அதன் மேலேயே விண்டோஸ் 10 ஏறியது.

அந்த ஹார்ட் டிஸ்க்கில் அப்போது இருந்தது ஒரு புத்தகம். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருபது வருடம் அலைந்து சேகரித்த ஊர்ப்பெயர் ஆராய்ச்சி. நானூற்றுச் சொச்சம் பக்கம். கடைசி முப்பது பக்கம் ஊர்ப்பெயர் அடைவு, ஒவ்வொரு ஊருக்கும் எதிரே பக்க எண்களோடு. தை மாதம் ஐயாவுக்கு எண்பது. அன்று புத்தகம் கையில் இருக்க வேண்டும் என்று பிள்ளைகள் ஏற்பாடு செய்திருந்தார்கள். கார்த்திகை பிறந்ததும் ஃபைல் அச்சகத்துக்குப் போயாக வேண்டும்.

மூன்றாவது புரூஃப் முடிந்துவிட்டது. அதை ஐயா எப்படிப் பார்த்தார் என்பது அவருக்குத் தெரியும். ஒரு கண்ணில் புரை அறுவை ஆகியிருந்தது. இன்னொரு கண்ணில் கண் அழுத்த நோய். பூதக்கண்ணாடியை வரி வரியாக நகர்த்தி நான்கு மாதம் பார்த்தார். கடைசிக் கட்டுத் தாளைக் கொடுக்கும்போது, “இதோட என் கண்ணு போதும் தம்பி. இனி நீங்க பார்த்துக்கோங்க” என்று சொல்லியிருந்தார்.

வீட்டில் இருந்த பென் டிரைவில் ஆடி மாதத்து முதல் புரூஃப் மட்டுமே இருந்தது. அதற்குப் பிறகு நகல் எடுக்கவில்லை. எடுக்க வேண்டும் என்று தினமும் நினைத்ததுண்டு.

புத்தகத்தை மறுபடி டைப் அடித்துவிடலாம். இரண்டு மாதம் இராப்பகலாக உட்கார்ந்தால் முடியும். ஆனால் மறுபடி அடித்ததை மறுபடி யார் புரூஃப் பார்ப்பது?

“ஃபார்மட் வேண்டாம் தம்பி” என்றார்.

“ஃபார்மட் பண்ணாம ஓடாது சார். டி டிரைவ்ல இருக்கற ஃபைலை வேணும்னா தனியா எடுத்துத் தர்றேன். சி டிரைவ்ல இருக்கறது போயிடும்.”

ஃபைல் மட்டும் போதாது என்பதை அவருக்கு எப்படி விளக்குவது என்று தெரியவில்லை. பெட்டியை மறுபடி ஆட்டோவில் ஏற்றினார்.

வீட்டில் மகள் பி.காம். இரண்டாம் வருடம். கம்ப்யூட்டர் படிப்பு இல்லை. ஆனால் மிக்ஸியில் கார்பன் பிரஷ் மாற்றுவதிலிருந்து மோட்டார் கப்பாசிடர் மாற்றுவது வரை அந்த வீட்டில் அவள்தான். அப்பா சொன்னதைக் கேட்டுவிட்டு, “ஹார்ட் டிஸ்க் நல்லா இருக்குன்னா அதுல எழுதியிருக்கறது எதுவும் போகலைப்பா. போர்டு மட்டும்தான் போச்சு. முதல்ல டிஸ்க்கை வெளிய எடுப்போம்” என்றாள்.

கல்லூரித் தோழியின் அண்ணன் செல்போன் கடை வைத்திருந்தார். அவரிடமிருந்து சாட்டா டிஸ்க்கை யு.எஸ்.பி.யில் இணைக்கும் அடாப்டரை இரவல் வாங்கி வந்தாள். டிஸ்க்கைத் தன் செகண்ட் ஹேண்ட் லேப்டாப்பில் செருகினாள். “ஃபார்மட் செய்யட்டுமா என்று எது கேட்டாலும் வேண்டாம்னு அழுத்தணும்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். எதுவும் கேட்கவில்லை. சி, டி இரண்டும் வந்தன. ஐயாவின் புத்தகம் இருந்த ஃபோல்டரும் வந்தது. முதல் வேலையாக அதை இரண்டு இடத்தில் நகல் எடுத்தாள். பிறகு மொத்த டிஸ்க்கையும் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றினாள். ராத்திரி பதினோரு மணி ஆயிற்று.

அப்பாவுக்குப் பாதி உயிர் வந்தது. முழுதும் வரவில்லை. “திறந்து பாரேன்” என்றார்.

அங்கேதான் சிக்கல். ஃபைல் பேஜ்மேக்கர் 7இல் செய்தது. 2001இல் வந்த மென்பொருள். அதற்குப் பிறகு புதிய பதிப்பே வரவில்லை. லேப்டாப்பில் அது கிடையாது. இன்ஸ்டால் செய்யும் சி.டி. எப்போதோ கீறலாகிவிட்டது. தமிழ் எழுத்துருக்கள் ஒரு சிறு நிறுவனத்திடம் விலைக்கு வாங்கியவை. யு.எஸ்.பி.யில் ஒரு பூட்டுச் சாவியைச் செருகினால்தான் அந்தத் தமிழ் மென்பொருள் வேலை செய்யும். அந்த நிறுவனம் இப்போது இல்லை.

இவை யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்கள். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து உட்கார வைத்தவை. எழுத்துரு இருந்தால் தமிழ். இல்லாவிட்டால் ஆங்கிலக் குப்பை. ஒரு பழைய பத்திரிகை வாசகத்தை லேப்டாப்பில் திறந்து காட்டினாள். பாமினியில் அடித்தது. பக்கம் முழுக்க அரைப்புள்ளிகள். பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளி அரைப்புள்ளியின் இடத்தில் இருக்கிறது. அதனால் எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் ஒவ்வொரு க்கும் ஒவ்வொரு ம்மும் ஓர் அரைப்புள்ளியாகத் தெரியும். பாமினி இணையத்தில் கிடைக்கும். ஐயாவின் புத்தகத்தில் இருந்த எழுத்துரு கிடைக்காது.

“எழுத்துருவை டிஸ்க்குலேர்ந்து காப்பி பண்ணிட்டேன்ப்பா. ஆனா பேஜ்மேக்கர்?”

“வேற சாஃப்ட்வேர்ல திறக்கலாம்பாங்க. திறந்தா வரி ஓடும். ஒரு வரி ஓடினா பக்கம் மாறும். பக்கம் மாறினா அந்த முப்பது பக்க அடைவும் தப்பு” என்றார் அவர். பிறகு கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: “நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம், கோத்து முடிச்ச பக்கம் ஒண்ணு கைதவறி விழுந்துடுச்சு. எழுத்தெல்லாம் தரையில. முதலாளி திட்டலை. எழுத்து எங்கேயும் போகலை, திரும்பக் கோத்துடுன்னாரு. ஃபார்மட்டுங்கறது அது இல்லம்மா. எழுத்தையே உருக்கறது.”

ஆக, பழைய விண்டோஸ் அப்படியே எழுந்து வர வேண்டும். அதற்கு முதலில் பழைய பிராசஸரும் பழைய ராமும் பொருந்துகிற போர்டு வேண்டும். பத்து வருடப் பழசான எல்.ஜி.ஏ. 1150 சாக்கெட். அதே கம்பெனியின் அதே போர்டு கிடைக்கவில்லை. ஆனால் அதே எச்81 சிப்செட்டில் வேறொரு போர்டு சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் இருந்தது. சித்தப்பா வாங்கி பஸ் பார்சலில் அனுப்பினார். மூவாயிரத்துச் சொச்சம் ரூபாய்.

“அவ்வளவு ரூபா சாமானை அவ கையில கொடுக்கறீங்களே” என்றார் அம்மா.

“நான் பக்கத்துலதான் உட்கார்ந்திருக்கேன்” என்றார் அவர்.

மகள் ஒரு நிபந்தனை போட்டாள். அசல் ஹார்ட் டிஸ்க் கடைசியில்தான் உள்ளே போகும். டிஸ்க் இல்லாமலே போர்டு உயிரோடு இருக்கிறதா என்று முதலில் தெரிய வேண்டும். இரண்டாவது நிபந்தனை அவருடையது. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். செய்ததை உடனே நோட்டில் எழுதணும். “புரூஃப் திருத்தற மாதிரிதான். ரெண்டு திருத்தம் ஒண்ணா பண்ணினா எது தப்புன்னு அப்புறம் கண்டுபிடிக்க முடியாது.”

பழைய போர்டைக் கழற்றுவதற்கு முன் எந்த வயர் எங்கே போகிறது என்று செல்போனில் படம் எடுத்துக்கொண்டாள். எழுத்துச் சாவி போன்ற அந்தப் பூட்டுச் சாவியைத் தனி டப்பாவில் போட்டாள். பிராசஸரை எடுக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டாள். இந்த வகையில் ஊசிகள் பிராசஸரில் இல்லை, போர்டின் சாக்கெட்டில் இருக்கின்றன. ஓர் ஊசி வளைந்தால் போர்டே வீண். பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுப் பட்டாணி அளவு புதிதாக வைத்தாள். போர்டுக்கு அடியில் இருக்கும் பித்தளைத் தாங்கிகளை எண்ணிப் பார்த்தாள். ஸ்க்ரூத் துளை இல்லாத இடத்தில் ஒரு தாங்கி நின்றாலும் போர்டின் முதுகில் உரசி ஷார்ட் ஆகிவிடும். ஒன்று அப்படி இருந்தது. கழற்றினாள்.

பட்டனை அழுத்தினாள். ஃபேன் சுழன்றது. அம்மா “வந்துடுச்சு” என்றார். திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது.

படத்தை எடுத்துப் பழைய போர்டோடு ஒப்பிட்டாள். பெரிய 24 முள் கனெக்டர் மாட்டியிருந்தது. பிராசஸருக்கென்று தனியாக மின்சாரம் தரும் சின்ன நான்கு முள் கனெக்டர் ஓரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அது இல்லாவிட்டாலும் ஃபேன் சுற்றும். பிராசஸர் மட்டும் எழுந்திருக்காது. மாட்டினாள். நோட்டில் அவர் எழுதினார்: ‘1. நான்கு முள் வயர் விட்டுப்போச்சு.’

இந்தத் தடவை பீப், பீப் என்று நிற்காத சத்தம். பட்டன் அழுத்தியதும் விண்டோஸ் வருவதற்கு முன்பே கம்ப்யூட்டர் தன்னைத்தானே ஒரு பரிசோதனை செய்துகொள்கிறது. பிராசஸர், ராம், திரை, கீபோர்டு என்று வரிசையாகத் தொட்டுப் பார்க்கும். திரைக்கு உயிர் வருவதற்கு முன்பே கோளாறு என்றால் அதைச் சொல்ல அதற்கு இருக்கும் ஒரே வாய் அந்தச் சின்ன ஸ்பீக்கர். எத்தனை பீப்புக்கு என்ன அர்த்தம் என்பது பயாஸைத் தயாரித்தவரைப் பொறுத்து மாறும். போர்டோடு வந்த தாளில் ராம் என்று இருந்தது. ராமைக் கழற்றி அதன் தங்க நிறப் பற்களை அழிரப்பரால் மெல்லத் தேய்த்தாள். இரண்டு பக்கமும் ‘டக்’ என்று கேட்கும்வரை அழுத்திச் செருகினாள். ‘2. ராம்.’

திரையில் எழுத்து வந்தது. பிராசஸர் ஃபேன் எர்ரர், எஃப்1 அழுத்தவும் என்றது. ஃபேன் கண் முன்னால் சுற்றிக்கொண்டிருக்கிறது. பிறகு என்ன எர்ரர்? பெட்டியின் ஃபேனுக்கான இடத்தில் பிராசஸர் ஃபேனைச் செருகியிருந்தாள். பிராசஸர் ஃபேனுக்கென்று ஒதுக்கிய இடத்திலிருந்து சுற்று எண்ணிக்கை வரவில்லை என்பதுதான் அதன் புகார். இடம் மாற்றினாள். ‘3. ஃபேன்.’

அடுத்து, தேதியும் நேரமும் தவறு, செட்டிங் பழைய நிலைக்குப் போய்விட்டது என்றது. சரிசெய்து சேமித்தாள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு மறுபடி போட்டால் அதே புகார். போர்டில் நாணயம்போல் இருக்கும் சி.ஆர்.2032 பேட்டரி. 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். பெயரிலேயே அளவு இருக்கிறது. மூன்று வோல்ட் இருக்க வேண்டும். கடையின் அலமாரியில் வருடக்கணக்காக இருந்த போர்டு என்பதால் தீர்ந்திருந்தது. தெருமுனை வாட்ச் கடையில் வாங்கி வந்து போட்டார்கள். தேதி தவறாக இருந்தால் இணையத்தில் பாதுகாப்பான தளங்கள்கூடத் திறக்க மறுக்கும். ஆகவே இது சின்ன விஷயமில்லை. ‘4. பேட்டரி.’

இப்போதுதான் ஹார்ட் டிஸ்க்கை உள்ளே வைத்தார்கள்.

கறுப்புத் திரை. வெள்ளை எழுத்தில் ஒரே வரி. ‘ரீபூட் அண்ட் செலக்ட் ப்ராப்பர் பூட் டிவைஸ்.’

“டிஸ்க்கும் போச்சா?” என்றார் அவர். குரல் மாறியிருந்தது.

“இருங்கப்பா. போயிருந்தா பேரே வராது.” பயாஸுக்குள் போனாள். டிஸ்க்கின் பெயர் பட்டியலில் இருந்தது. போர்டுக்கு டிஸ்க் தெரிகிறது. அதிலிருந்து எழுந்திருக்கத்தான் தெரியவில்லை.

காரணம் தலைமுறை இடைவெளி. பழைய முறையில் டிஸ்க்கின் முதல் துண்டில், எங்கிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்ற குறிப்பு இருக்கும். 1983இலிருந்து வருகிற ஏற்பாடு அது. புதிய முறையான யு.இ.எஃப்.ஐ. அந்த முதல் துண்டைப் பார்க்காது. தனக்கென்று ஒதுக்கிய ஒரு சிறு பகுதியில் ஒரு ஃபைலைத் தேடும். 2014இல் கடைக்காரர் விண்டோஸ் 7ஐப் பழைய முறையில் போட்டிருந்தார். விண்டோஸ் 10 அதே வீட்டில்தான் குடியேறியது. புது போர்டோ புதிய முறையில் மட்டும் தேடும்படி வைக்கப்பட்டிருந்தது. சி.எஸ்.எம். என்ற வசதியை இயக்கினால் பழைய முறையிலும் தேடும். அதை இயக்கி, டிஸ்க்கை வரிசையில் முதலாவதாக வைத்தாள். ‘5. சி.எஸ்.எம்.’

விண்டோஸின் நீல ஜன்னல் வந்தது. புள்ளிகள் சுற்றின. அம்மா சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்து நின்றார். அடுத்த நிமிடம் திரை முழுவதும் நீலம். சோக முகம் ஒன்று. கீழே ‘இன்அக்செஸிபிள் பூட் டிவைஸ்’ என்று சின்ன எழுத்தில். தானாக மறுபடி தொடங்கியது. மறுபடி நீலம். அதன் பிறகு ‘தானியங்கிச் சரிசெய்தல்’ என்ற திரை வந்தது. அதற்குள் போனால் கம்ப்யூட்டரை ரீசெட் செய்யலாம் என்று ஒரு வழி காட்டியது. என் ஃபைல்களை வைத்துக்கொள் என்று அதற்குள் ஆறுதலாக ஓர் உட்பிரிவும் இருந்தது. ஃபைல்கள் இருக்கும். பேஜ்மேக்கரும் தமிழ் மென்பொருளும் இருக்காது.

மணி இரவு பத்தரை. “அந்தத் தம்பி சொன்னது சரிதான் போலிருக்கு” என்றார் அவர். “ஐயாகிட்ட நாளைக்குப் போய்ச் சொல்லிடறேன்.”

மகள் பதில் சொல்லவில்லை. பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தாள். நோட்டை இழுத்து, முதலிலிருந்து படித்தாள். ஒவ்வொரு தடவையும் கோளாறு வேறு வேறாக வந்திருந்தது. அதாவது ஒவ்வொரு தடவையும் ஒரு படி தாண்டியிருக்கிறார்கள். இந்தத் தடவை விண்டோஸே கண் விழித்துவிட்டது. கண் விழித்த பிறகு தன் சொந்த டிஸ்க்கைக் காணோம் என்கிறது.

டிஸ்க்கோடு பேசுவதற்கு போர்டில் ஒன்றுக்கு மேற்பட்ட முறைகள் உண்டு. ஐ.டி.இ. என்பது பழையது. ஏ.எச்.சி.ஐ. என்பது பிந்தியது. விண்டோஸ் தொடங்கும்போது தனக்குப் பழக்கமான முறைக்கான டிரைவரை மட்டுமே எடுத்துக்கொள்ளும். முறை மாறினால் வழி தெரியாமல் நின்றுவிடும். டிஸ்க்கில் ஒரு பழுதும் இருக்காது. பழைய போர்டு எந்த முறையில் இருந்தது என்று கேட்க முடியாது, அது செத்துவிட்டது. ஆனால் எச்81 போர்டில் இருப்பது இந்த இரண்டே முறைகள். புது போர்டு இப்போது ஐ.டி.இ.யில் இருந்தது.

“இதை மாத்தினா டிஸ்க்குல ஏதாவது அழியுமா?”

“பேசற விதத்தைத்தான் மாத்தறோம்ப்பா. டிஸ்க்குல எதுவும் எழுதறதில்லை. எப்படியும் நகல் வெளிய இருக்கு.”

“சரி. எழுதிட்டுச் செய்.”

‘6. ஏ.எச்.சி.ஐ.’ என்று எழுதினார். அவள் மாற்றினாள்.

ஜன்னல் வந்தது. புள்ளிகள் சுற்றின. நீலத் திரை வரவில்லை. ‘சாதனங்கள் தயாராகின்றன’ என்று ஒரு வாசகம் வந்து சதவீதம் ஏறியது. புது வீட்டுக்குக் குடிவந்தவர்கள் எந்த சுவிட்ச் எந்த விளக்குக்கு என்று பார்ப்பதுபோல் விண்டோஸ் தன் புதிய போர்டைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு தடவை தானாக அணைந்து எழுந்தது. பிறகு திரையில், நாலு வருடமாக மாறாத குலதெய்வப் படமும் அதன் மேல் சிதறிக் கிடக்கும் ஐகான்களும் வந்தன. டிஸ்ப்ளே டிரைவர் இல்லாததால் எல்லாம் பூதாகரமாக இருந்தது. ஓரத்தில், விண்டோஸை ஆக்டிவேட் செய்யவும் என்று மங்கலாக ஒரு வரி. விண்டோஸ் 10இன் உரிமம் பெரும்பாலும் போர்டோடு கட்டிப் போடப்பட்டது. மைக்ரோசாஃப்ட் கணக்கோடு முன்பே இணைத்திருந்தால், சமீபத்தில் ஹார்டுவேர் மாற்றினேன் என்று சொல்லி மீட்கலாம். இவர்கள் இணைத்திருக்கவில்லை. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். ஃபைலைத் திறப்பதை அது தடுக்காது.

அவர் டப்பாவிலிருந்து பூட்டுச் சாவியை எடுத்துச் செருகினார். பேஜ்மேக்கரைத் திறந்தார். ஃபைலைத் திறந்தார். நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போனார். அடைவில் ஏதோ ஓர் ஊர், எதிரே 217. இருநூற்றுப் பதினேழாம் பக்கத்துக்குப் போனார். ஊர் அங்கே இருந்தது. இன்னொன்று பார்த்தார். அதுவும் இருந்தது. பத்து ஊர் பார்த்த பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“இட்லி ஆறிப் போச்சு” என்றார் அம்மா.

அன்று இரவே புத்தகம் பி.டி.எஃப். ஆனது. பி.டி.எஃப்.புக்குள் எழுத்துருவும் சேர்ந்தே போய்விடும், எந்தக் கம்ப்யூட்டரிலும் வரி ஓடாது. அதன் நகல் மகளின் லேப்டாப்பில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று, ஐயாவின் மூத்த பிள்ளையின் மெயிலில் ஒன்று. மறுநாள் அவர் ஐயாவைப் பார்க்கப் போனார். நடந்தது எதையும் சொல்லவில்லை. “வேலை முடிஞ்சுது ஐயா” என்று மட்டும் சொன்னார். சர்வீஸ் கடைக்கும் போய், ஏ.எச்.சி.ஐ. விஷயத்தைச் சொன்னார். கடைக்காரர் கோபிக்கவில்லை. “ஒரு நாளைக்கு எட்டு பெட்டி வருது சார். ஒவ்வொண்ணுக்கும் இப்படி உட்கார முடியுமா? ஃபார்மட்டுன்னா ஒரு மணி நேரத்துல முடிஞ்சுடும்” என்றார். அதிலும் நியாயம் இருந்தது. அவருக்கு நேரம்தான் பணம். அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பது உடையவருக்குத்தான் தெரியும்.

அதன் பிறகு அந்தத் திண்ணையில் சில மாற்றங்கள். விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட்டின் ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது என்பதால் பழைய பெட்டிக்கு இன்டர்நெட் வயரே கிடையாது. இனி மின்னல் அந்த வழியாக வரவும் முடியாது. புதிதாக வரும் வேலைகளை மகளின் லேப்டாப்பில் யூனிகோடில் செய்யக் கற்றுக்கொள்கிறார். தமிழ்நாடு அரசு 2010லேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டது. தனக்குத்தான் பதினைந்து வருடம் தாமதம் என்று சொல்லிச் சிரிக்கிறார். வெள்ளிக்கிழமை தோறும் நகல் எடுப்பது, விளக்கேற்றுவதுபோல் ஒரு வழக்கமாகிவிட்டது.

மகள் ஒரு வேலை செய்தாள். தன் லேப்டாப்பில் டிஸ்க் பூட்டு போடப்பட்டிருக்கிறதா என்று பார்த்தாள். போடப்பட்டிருந்தது. புதிய லேப்டாப்புகள் பலவற்றில் பிட்லாக்கர் வகைப் பூட்டு தானாகவே விழுந்துவிடுகிறது. அதன் சாவி போர்டில் உள்ள டி.பி.எம். சில்லில் இருக்கும். நாளைக்குப் போர்டு போனால் சாவியும் போகும். அப்போது திரை 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அது கையில் இல்லாவிட்டால், டிஸ்க் நல்ல நிலையில் இருந்தாலும் யாராலும் திறக்க முடியாது. அடாப்டரில் மாட்டி நகல் எடுத்தது போன்ற வழி எதுவும் அங்கே செல்லாது. லேப்டாப்பை சர்வீஸுக்குக் கொடுப்பதற்கு முன்பே மைக்ரோசாஃப்ட் கணக்கில் போய் அந்த எண்ணை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்த 48 இலக்கத்தை அவள் படிக்கப் படிக்க, அவர் நோட்டில் ஏழாவது குறிப்பாக எழுதினார். எழுதி முடித்து, ஒரு முறை சத்தமாக வாசித்துச் சரிபார்த்தார். ஓர் இலக்கம் பிசகியிருந்தது. அடித்துவிட்டு, புரூஃப் திருத்துவதுபோல் ஓரத்தில் சரியானதை எழுதினார்.